பத்து வெற்றியும் ஒரு தோல்வியும்: புள்ளிப் பட்டியல் படிக்க ஒரு பாடம்

இப்பகுதியில் வழக்கமாகச் சரக்கு இருப்பு, கடன் வசூல், பேரேடு எழுதும் முறை ஆகியவை பற்றியே எழுதி வருகிறோம். இம்மாதம் பெண்கள் கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும், சங்க அலுவலகத்தில் இருந்த இளைஞர் ஒருவர், "அண்ணாச்சி, பலசரக்குக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தார். சம்பந்தம் இருக்கிறது. பொறுமையாகப் படித்து வந்தால் விளங்கும்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறோம். 2019-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி, பஞ்சாபில் உள்ள லூதியானா நகரில், இந்தியப் பெண்கள் லீக் போட்டியின் கோப்பையை மதுரை அணி ஒன்று வென்றது. சேது எஃப்.சி. என்பது அதன் பெயர். அந்த வாரம் முழுவதும் கீழமாசி வீதியில் நாம் பேசியதெல்லாம் துவரம் பருப்பு விலையும், தேர்தல் முடிவும், இங்கிலாந்தில் தொடங்கவிருந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட்டும்தான். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய அணி இந்தியாவிலேயே முதலாவதாக வந்த செய்தி எமக்குத் தெரிந்தது சில நாள் கழித்து, அதுவும் பொட்டலம் மடிக்க வைத்திருந்த பழைய செய்தித்தாளில். வத்தல் விலை குண்டூரில் ஒரு ரூபாய் ஏறினால் அரை மணி நேரத்தில் நமக்குச் செய்தி வந்துவிடும்.

அன்றிலிருந்து இந்த லீக்கின் கணக்கை நாம் கவனித்து வருகிறோம். பந்து உதைக்கும் நுட்பம் எமக்குத் தெரியாது. கணக்குப் புரியும்.

இந்தியப் பெண்கள் லீக் மிகப் பழைய கடையல்ல. முதல் போட்டி 2016-17 பருவத்தில் நடந்தது; மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் கோப்பையை எடுத்தது. அடுத்த ஆண்டு ஷில்லாங்கில் நடந்த இறுதிச் சுற்றில் சேது எஃப்.சி. முதன்முறையாக ஆடியது; கோப்பை ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் கிளப்புக்குப் போயிற்று. மூன்றாவது ஆண்டில் சேது வென்றது. கடை திறந்து மூன்று ஆண்டுக்குள் முதலிடம் என்றால் சாமானியமல்ல. அமிர்தா அரவிந்த் என்னும் பெண்மணி அப்போது பயிற்சியாளர். நேபாளத்து வீராங்கனை சபித்ரா பண்டாரி அந்த அணியில் ஆடினார். கடலூர் மாவட்டத்திலிருந்து வந்து தமிழ்நாடு காவல்துறையில் பணியாற்றும் இந்துமதி கதிரேசனும் சேதுவுக்காக ஆடியவர். 2020-இல் ஊரடங்குக் காலத்தில் இவர் சென்னையில் சாலையில் நின்று காவல் பணி செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த 2019 போட்டியில் ஒரு விசித்திரம். அதிக கோல் அடித்தவர் மணிப்பூர் போலீஸ் அணியின் பாலா தேவி. மொத்தம் 26 கோல். பிறகு ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகம் அவரை 2020 ஜனவரியில் எடுத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய கை. ஆயினும் இறுதி ஆட்டத்தில் அவரது அணி சேதுவிடம் 3-1 என்று தோற்றது. காரணம், அன்றைய போட்டி முறை. முதலில் குழுக்களாக ஆடுவது, பிறகு அரையிறுதி, பிறகு இறுதி. இறுதி நாளன்று யார் வெல்கிறாரோ அவருக்கே கோப்பை. இது நம் தீபாவளி வியாபாரம் போன்றது. ஆண்டு முழுக்க எப்படி விற்றாலும் அந்தப் பத்து நாள் கைகொடுத்தவனுக்குத்தான் பேர்.

அடுத்த ஆண்டு, அதாவது 2020 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்ததைப் பாருங்கள். சபித்ரா பண்டாரி சேதுவை விட்டுக் கேரளத்தின் கோகுலம் அணிக்குப் போய்விட்டார். அரையிறுதியில் சேது அதே கோகுலத்திடம் தோற்றது. கோகுலம் கோப்பையை வென்றது. நம் கடையில் பழகிய கணக்குப்பிள்ளை எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தால், நம் வாடிக்கையாளரில் பாதிப்பேர் அவர் பின்னால் போவதைக் கண்டிருக்கிறோம். போனவரைக் குறை சொல்வது நியாயமல்ல. நல்ல விலை கிடைக்கும் இடத்துக்குச் சரக்கும் போகும், ஆளும் போவார்.

கோகுலம் என்ற பெயர் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சீட்டு நிறுவனத்தின் பெயர்தான் அது. சீட்டுப் போட்டவர்கள் நம்மிலும் உண்டு. பின்னால் பெரிய முதல் இருக்கும் அணி என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

2022-இல் போட்டி முறையை மாற்றினார்கள். ஒடிசாவின் புவனேஸ்வரத்தில் 12 அணிகள் கூடின. அரையிறுதி, இறுதி கிடையாது. ஒவ்வொரு அணியும் மற்ற 11 அணிகளோடு ஒருமுறை ஆட வேண்டும். வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் 1 புள்ளி, தோற்றால் ஒன்றுமில்லை. முடிவில் யார் கணக்கில் புள்ளி அதிகமோ அவருக்குக் கோப்பை. இது ஐந்தொகைப் போட்டி. அதிகபட்சம் எடுக்கக் கூடியது 33 புள்ளி.

இந்த மூன்றும் ஒன்றும் என்ற கணக்கைச் சற்று நின்று யோசியுங்கள். ஓர் அணி 7 ஆட்டம் வென்று 4 ஆட்டம் சமன் செய்தால் 25 புள்ளி. இன்னோர் அணி 8 வென்று 3 தோற்றால் 24 புள்ளி. வெற்றி குறைந்தவர் முன்னால் நிற்கிறார், தோற்காமல் இருந்ததால். ஆனால் வேறொன்றும் உண்டு. இரண்டு ஆட்டத்தையும் சமன் செய்தவருக்கு 2 புள்ளி. ஒன்றில் வென்று ஒன்றில் தோற்றவருக்கு 3 புள்ளி. ஆக, எப்போதும் பயந்து முதலுக்கே தள்ளிக்கொண்டிருப்பவனும் மேலே வர முடியாது. முதலுக்கு விற்றாலும் வாடிக்கையாளர் கையைவிட்டுப் போகவில்லை என்பதால் அதற்கு ஒரு புள்ளி தரலாம். அதற்கு மேல் தர முடியாது.

புள்ளி சமமானால் அடுத்துப் பார்ப்பது கோல் வித்தியாசம். அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வரும் மீதி. நம் பாஷையில் விற்பனைக்கும் கொள்முதலுக்கும் உள்ள வித்தியாசம். 5-0 என்று முன்னால் இருக்கும்போது ஆறாவது கோலுக்கு ஏன் ஓடுகிறார்கள் என்று நாமும் முன்பு கேட்டதுண்டு. அந்த ஆறாவது கோல் கடைசி நாளில் பேசும்.

பேசியது. ஏப்ரல் 15-இல் தொடங்கிய போட்டியில், சித்திரை வெயிலில், ஏறத்தாழ நான்கு நாளைக்கு ஓர் ஆட்டம் வீதம் ஆடி, சேது எஃப்.சி. முதல் 10 ஆட்டங்களையும் வென்றது. 30 புள்ளி. ஒரு சமன்கூட இல்லை. ஆனால் மறுபக்கத்தில் கோகுலமும் 10 ஆட்டங்களையும் வென்று அதே 30 புள்ளியோடு நின்றது. இரண்டு அணிக்கும் பதினோராவது ஆட்டம் ஒருவரோடொருவர். இறுதி ஆட்டம் வேண்டாம் என்று போட்டி முறையை மாற்றினார்கள். கணக்கே ஓர் இறுதி ஆட்டத்தை உண்டாக்கிவிட்டது.

ஒரே புள்ளி என்றாலும் இருவர் நிலையும் ஒன்றல்ல. கோல் வித்தியாசத்தில் கோகுலம் முன்னால் இருந்தது. ஆகவே அவர்களுக்குச் சமன் போதும். சேது வென்றே ஆக வேண்டும். இருவரும் ஒரே தொகைக்கு ஏலம் கேட்கும்போது, கையிருப்பு உள்ளவன் அமைதியாக இருப்பான், மற்றவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பான்.

மே 26-ஆம் தேதி கலிங்கா விளையாட்டரங்கில் ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே சேதுவின் ரேணு ராணி கோல் அடித்தார். அந்த நிமிடத்தில் கோப்பை மதுரைப் பக்கம் இருந்தது. பதினான்காவது நிமிடத்தில் கோகுலத்துக்குப் பெனால்டி கிடைத்தது; ஆஷாலதா தேவி சமன் செய்தார். பிறகு கானா நாட்டு எல்ஷதாய் அச்சியாம்போங் ஒன்று, மனிஷா கல்யாண் ஒன்று. எல்லாம் இடைவேளைக்கு முன்பே. முடிவு 3-1. கோகுலம் 33, சேது 30.

இதே மாதத்தில் உலகத்தின் மறுகோடியில் நடந்ததையும் வைத்துப் பாருங்கள். ஸ்பெயின் நாட்டுப் பெண்கள் லீக்கில் பார்சிலோனா அணி 2021-22 பருவத்தில் 30 ஆட்டங்களில் 30-ஐயும் வென்றது. அடித்த கோல் 159, வாங்கியது 11. அவ்வாண்டு மார்ச் 30-இல் ரியல் மாட்ரிட் அணியோடு அவர்கள் ஆடிய ஐரோப்பியப் போட்டியைக் காண 91,553 பேர் அரங்கில் கூடினார்கள். சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரையைப் பார்த்த நமக்குக் கூட்டம் புதிதல்ல என்றாலும், பெண்கள் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கி வந்த கூட்டம் அது. அப்படிப்பட்ட அணி, மே 21-ஆம் தேதி இத்தாலியின் தூரின் நகரில் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் பிரான்சின் லியோன் அணியிடம் தோற்றது. என்ன கணக்கில் தெரியுமா? அதே 3-1. ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு ஊரில் ஒரே சிட்டை.

ஸ்பெயின் லீக் பணக்கார லீக் என்று நினைத்துவிட வேண்டாம். 2019 நவம்பரில் அங்கே வீராங்கனைகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சரியான ஊதியம், பகுதிநேர வேலை என்று குறைத்து எழுதாத ஒப்பந்தம், இவையே கோரிக்கை. 2020-இல் உடன்பாடு எழுதியபோது முழுநேர வீராங்கனைக்குக் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 16,000 யூரோ என்று வைத்தார்கள். அந்த 91,553 பேர் கூட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். முதல் போட்டவன் சரக்கு எடுப்பான் என்பது எல்லா ஊருக்கும் பொது.

பதினோராவது ஆட்டத்தில் தோற்பது என்ன என்று எமக்கும் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் சித்திரையில் தொடங்கிய கணக்கில் பத்து மாதம் வரிசையாக லாபம் கண்டோம். பதினோராவது மாதமான மாசியில் வத்தல் விலை ஏறிக்கொண்டே போயிற்று. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கிடைத்ததையெல்லாம் வாங்கிக் கிட்டங்கியில் அடுக்கினோம். மாசி, பங்குனி புது வத்தல் வரும் காலம் என்பது எமக்குத் தெரியாததா? தெரியும். பத்து மாத லாபம் கண்ணை மறைத்தது. புதுச் சரக்கு இறங்கியதும் விலை உடைந்தது. மூட்டைகளைப் பார்க்கவே பிடிக்காமல் கிட்டங்கிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டோம்.

ஆனால் எமது தோல்வியும் சேதுவின் தோல்வியும் ஒன்றல்ல. நாம் பேராசையால் தோற்றோம். அவர்கள் பெரிய முதல் கொண்ட, தேர்ந்த அணியிடம் எதிர்நின்று, முதல் கோலையும் அடித்துவிட்டுத் தோற்றார்கள். 33-க்கு 30 என்பது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். அந்த வரவு உள்ள கடையை நொடித்த கடை என்று யாராவது சொல்வார்களா? மறுநாள் செய்தியில் கோகுலத்தின் பெயர்தான் பெரிய எழுத்தில் வந்தது. இருக்கட்டும். ஐந்தொகையைப் படிக்கத் தெரிந்தவன் இரண்டாவது வரியையும் படிப்பான்.

2023-24 பருவத்திலிருந்து போட்டி முறை மறுபடி மாறியது. ஒரே ஊரில் கூடாமல், நம் ஊரில் ஒன்று, அவர் ஊரில் ஒன்று என்ற முறை. ஏழு அணிகள், ஆளுக்கு 12 ஆட்டம், ஒடிசா எஃப்.சி. முதலிடம். இதில் செலவு எங்கே ஏறும் என்று வியாபாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு ஒரு ரயில் பயணம், ஓர் ஊரில் தங்கல். அந்த முறையில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சீட்டு, விடுதி, சாப்பாடு. வரும்படியோ மெதுவாகத்தான் வரும். அதே ஒடிசா அணி மறு பருவமான 2024-25-இல் எட்டு அணிகளில் ஏழாவதாக வந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. ஈஸ்ட் பெங்கால் முதலிடம் பெற்றது. ஓராண்டில் முதலிடம், மறு ஆண்டில் பலகையே கழன்றது. சேது அந்தப் பருவத்திலும் மேல் பிரிவிலேயே நிலைத்தது. எமக்கு அது 2019 கோப்பையைவிடப் பெரிய காரியமாகத் தோன்றுகிறது. நண்பர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

சென்ற வைகாசியில் எமது கடையில் மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். மகள் பள்ளியில் கால்பந்து ஆடுகிறாளாம். மாவட்ட அளவில் ஆடக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "பூட்ஸ் ஒண்ணு வாங்கணும் மொதலாளி, வாரக் கூலியில பிடிச்சுக்கிடுங்க" என்றார். ஐந்து ஆண்டுக்கு முன் அவரே இதைக் கேட்டிருந்தால், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று சொல்லி அனுப்பியிருப்போம். உண்மையைச் சொன்னால், இதே போல் வந்த இன்னொருவரிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறோம். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறதோ.

இவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கூலியில் பிடிக்க வேண்டாம் என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னோம். அவர் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தக் கணக்கில் எழுத என்று கேட்டார். விளம்பரச் செலவா, தர்மமா, முன்பணமா? மகமைக் கணக்கில் எழுதச் சொன்னோம்.