அபினி அடிமைச் சிகிச்சையில் எச்.ஐ.வி. தடுப்பு ஆலோசனை

எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் இருப்பது 1986-ஆம் ஆண்டில் சென்னையில் முதன்முதலாக அறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள், சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அவை பாலுறவு வழியாகப் பரவிய தொற்றைக் காட்டின. மற்றொரு வழியை மணிப்பூர் காட்டிற்று. அங்கு 1989, 1990-ஆம் ஆண்டுகளில், ஹெராயினை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டோரிடையே கிருமி மிக விரைவாகப் பரவியது. இந்தியாவில் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் போதைப் பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொள்வதாக 2019-இல் வெளியான தேசிய ஆய்வறிக்கை மதிப்பிட்டது.

இவர்களுக்குரிய சிகிச்சைகளுள் ஒன்று மாற்று மருந்து அளித்தலாகும். நாவின் கீழ் வைத்துக் கரைக்கப்படும் பியூப்ரினார்பின், மூளையில் அபினி பற்றும் அதே இடங்களைப் பற்றிக்கொள்கிறது. இதனால் உடல் வேதனையும் வேட்கையும் தணிகின்றன; ஊசியின் தேவை குறைகிறது. இத்தகைய சிகிச்சை எச்.ஐ.வி. தொற்றும் அபாயத்தைச் சுமார் 54 சதவீதம் குறைப்பதாக, 2012-இல் வெளியான பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு காட்டியது. எஞ்சிய அபாயத்தைக் குறைப்பதற்கு ஆலோசனை இன்றியமையாதது.

மருந்து பெற அடிக்கடி வருபவரோடு தனியறையில் பேசுதல் வேண்டும். “ஊசியைப் பகிர்ந்துகொள்கிறீரா?” என்று கேட்டால், “இல்லை” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவர் பகிர்தல் என்பதை ஊசியளவில் மட்டுமே கொள்கிறார். மருந்தைக் கரைத்த கரண்டி, வடிகட்டிய பஞ்சு, கழுவிய நீர் ஆகியவற்றிலும் பிறர் இரத்தம் கலந்திருக்கலாம். ஆகவே, “கடைசியாக ஊசி போட்டுக்கொண்டபோது உடனிருந்தவர் யார்? தண்ணீர் எங்கிருந்து வந்தது?” என்று வினவுதல் பயன் தரும். ஆணுறையைப் பற்றியும், மனைவி அல்லது கணவரின் பரிசோதனையைப் பற்றியும் அடுத்துப் பேசலாம். தொற்று நேர்ந்து மூன்று மாதம் வரை சோதனையில் அது தெரியாதிருக்கக்கூடும். ஆதலால் மறுசோதனை தேவைப்படலாம் என்பதையும் விளக்குதல் வேண்டும்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தெலுங்கும் தமிழும் வழங்குகின்றன. ஊசி, உடலுறவு ஆகியன பற்றிய பேச்சு நோயாளியின் வீட்டு மொழியில் அமைந்தாலன்றி உண்மை வெளிவருவது அரிது. இரகசியம் காத்தலும் அவ்வாறே முக்கியமானது. 2018-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எயிட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, பொதுவாக ஒருவருடைய இசைவின்றி அவரைச் சோதித்தலும், அவர் நிலையைப் பிறருக்கு வெளியிடுதலும் கூடா. சிற்றூரில் ஒரு பெயர் வெளிப்பட்டால், அவரைப்போன்ற பலரும் மருத்துவமனைக்கு வராது நின்றுவிடுவர்.

சிகிச்சைக்கிடையே ஒருவர் மீண்டும் ஊசியை நாடுவதுண்டு. அவரைக் கடிந்து விலக்கினால் மருந்தும் ஆலோசனையும் ஒருங்கே நின்றுபோகும். தொற்றின் அபாயம் பெருகும். அவரை வரவேற்று, நேர்ந்ததைக் கேட்டு, தூய ஊசி கிடைக்குமிடத்தைச் சொல்லி, சிகிச்சையில் தொடரச் செய்வதே முறை. தொற்று உறுதியானவர்க்கு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. அதனை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி சோதனைக்குப் புலப்படாத அளவிற்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு மூலம் தொற்று பரவாது. ஊசிப் பகிர்வுக்கு இவ்வுறுதி பொருந்தாது.

ஆசிரியரும் களப்பணியாளரும் இதில் செய்யத்தக்கது எளிது: பெயரைப் பரப்பாமல் வழியைக் காட்டுதல். 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் அதற்கு உதவும்.