இராமேசுவரத்துச் சிலந்தியைப் படமெடுக்கும் தங்கைக்கு



நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஒளி அருமை. ஆனால் எல்லாமே முதுகுப் பக்கம். நீ படமெடுக்கும் சிலந்தி சேர்ந்த பீசிலோதெரியா பேரினத்தின் இனங்களை முதுகை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். மரப்பட்டையோடு ஒன்றிப்போகும் அந்தச் சாம்பல் நிறமும் கோலமும் பலவற்றுக்கும் பொது. கால்களின் அடிப்பக்கத்தைப் பார். முன்கால்களின் அடியில் பளிச்சென்ற மஞ்சள், குறுக்கே கறுப்புப் பட்டை. எந்தக் காலில் எந்த நிறம், பட்டை எங்கே தொடங்குகிறது என்பதை வைத்துத்தான் இனத்தைச் சொல்கிறார்கள். அதற்காகக் குச்சியால் சீண்டிக் காலைத் தூக்கவைக்காதே. இரவில் அது வெளியே வந்து மரத்தண்டில் நடக்கும்போது தாழ்ந்து நின்று பக்கவாட்டில் எடு. கிடைக்காவிட்டால் மறுநாள் போ. கையில் எடுக்கவே வேண்டாம். கடித்தால் தசைப்பிடிப்பு பல நாள் வாட்டும்.

நீ தேடும் அனுமவிலாசுமிகா இனத்தை ஆண்ட்ரூ ஸ்மித் 2004இல்தான் விவரித்தார். இராமேசுவரத்து அனுமன் கோயில் ஒன்றின் பெயரே இதன் பெயரானது. தீவிலும் எதிரே மண்டபம் பகுதியிலும் இருக்கிறது. பின்னர் இலங்கையின் மன்னாரிலும் கண்டார்கள். கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகக் காலத்தில் இந்த இரு கரையும் ஒரே நிலம் என்பதை நினைத்துக்கொள். அழியும் ஆபத்து மிகக் கூடிய இனங்களில் ஒன்றாக உலகச் செம்பட்டியல் இதைச் சேர்த்திருக்கிறது.

இதைத் தேடி அடர்காட்டுக்குப் போக வேண்டாம். புளியமரப் பொந்து, பனைமட்டை இடுக்கு, பழைய தோப்புகள் போதும். பனையேறும் அண்ணன்மாரிடம் முதலில் பேசு. மரத்தின் உச்சிவரை பார்ப்பவர்கள் அவர்கள். பட்டையை உரிக்காதே, பொந்தைக் கிளறாதே. தோப்பை வெட்டினால் சிலந்திக்குப் போக்கிடம் இல்லை. தேடியும் காணாத தோப்புகளையும் எழுதிவை. பரவலை வரைய அதுவும் தேவை.

இடத்தை மரம்வரை துல்லியமாகக் குறித்து ஆய்வாளர்களிடமும் வனத்துறையிடமும் கொடு. ஊரறியச் சொல்லாதே. வளர்ப்புச் சந்தையில் இந்தப் பேரினத்துக்கு அத்தனை கிராக்கி. அதனால்தான் 2019இல் பேரினம் முழுவதையும், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. அடுத்த படத்தை வெளியிடும் முன், கைபேசி அதனுள் பதித்துவைத்த இடக்குறிப்பை நீக்கிவிடு, அம்மா.

அன்புடன்,
அண்ணன்