ஞாயிறு மட்டும் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தால்

மைசூரு குடும்ப நீதிமன்றத்திலிருந்து இப்படியொரு உத்தரவோடு வெளியே வரும் அப்பாவுக்கு (சில வழக்குகளில் அம்மாவுக்கு) உலகமே இருண்டதுபோல் இருக்கும். ஆனால் பிள்ளையை யாரிடம் விடுவது, யார் எப்போது பார்ப்பது என்ற உத்தரவுகள் நிரந்தரமல்ல. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம் என்று 1973-லேயே சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிக் கேட்கும் நாளில், இந்த உத்தரவுக்கு நீங்கள் எப்படிக் கட்டுப்பட்டீர்கள் என்பதுதான் பேசும்.

செய்ய வேண்டியவை

• உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். கன்னடம் படிக்க வராதென்றால் வக்கீலை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவது நம்மவர்களின் பழைய வழக்கம்.

• இடம் சரிப்படாவிட்டால் சொல்லுங்கள். மதுரையில் இருந்த ஒரு தாய், சின்னக் குழந்தையோடு ஞாயிறுதோறும் கரூருக்குப் போய்வர வேண்டியிருந்தது. சுமார் 300 கி.மீ. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சந்திப்பை மதுரைக்கே மாற்றியது. தந்தை குழந்தையோடு இருக்கலாம், தாய் பத்தடி தள்ளி இருக்கலாம் என்றது. தந்தையின் உரிமையும் போகவில்லை, குழந்தையும் அலையவில்லை.

• பிள்ளையைக் கூட்டிவரவில்லையா? நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, வக்கீல் மூலம் கோர்ட்டில் தெரிவியுங்கள்.

• குடியால் வந்த கட்டுப்பாடென்றால் சிகிச்சைச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

செய்யக்கூடாதவை

• உத்தரவில் இல்லாத நாளில் பள்ளி வாசலில் போய் நிற்காதீர்கள். பாசத்தில் போனேன் என்றாலும் கோர்ட்டில் அது மீறல்தான்.

• சந்திப்புக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரமென்றால், அதற்குள் மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை இரண்டையும் காட்ட நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் திருப்பி விடும் நேரம் தவறும்.

• “பார்க்க விடவில்லை, பணம் தர மாட்டேன்” என்று ஜீவனாம்சத்தை நிறுத்தாதீர்கள். அது வேறு, இது வேறு.

• “அம்மா என்னைப் பற்றி என்ன சொன்னாள்?” என்று கேட்டுப் போனில் பதிவு செய்யாதீர்கள். நீதிபதி பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசலாம். சொல்லிக்கொடுத்த பேச்சு ஐந்து நிமிடத்தில் வெளுத்துவிடும். பிள்ளையை வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். மற்றவர் மேல் வெறுப்பை ஊட்டி வளர்ப்பதை 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் கண்டித்திருக்கிறது.

• வக்கீல் செலவுக்குப் பயந்து சும்மா இருந்துவிடாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. உத்தரவை எதிர்க்க நினைத்தால் தாமதிக்கவும் வேண்டாம். இடைக்கால உத்தரவுக்கு வழி வேறு. இறுதி உத்தரவென்றால் பெங்களூரு உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம்.