இரையும் பம்பும் வராத தண்ணீரும்

சிரஞ்சீவித் தம்பிக்கு, பெரியப்பா ஆசீர்வாதம்.

லங்காவியில் நீ வேலை பார்க்கும் பாய்மரப் படகில், குழாயைத் திறந்தால் பம்பு ஓயாமல் இரைகிறதென்றும், தண்ணீரோ விட்டுவிட்டுத் துப்புகிறதென்றும், புதுப் பம்பு வாங்கும்படி முதலாளியிடம் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. படகுகளில் நிரபராதியான பம்புகளைக் கழற்றி எறிவது சர்வசாதாரணம்.

தொட்டியில் நீர் இருப்பதை, அளவு காட்டும் முள்ளை நம்பாமல், மூடியைத் திறந்து கண்ணாலேயே நிச்சயித்துக்கொண்ட பிறகு, பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கிண்ணத்தைக் கவனி. நீரோடு குமிழிகளும் ஓடிவந்தால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறதென்று அர்த்தம். இதிலுள்ள சூட்சுமம் என்னவெனில், அப்பக்கத்துக் குழாயினுள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்திருப்பதால், நீர் வெளியே கசிவதற்குப் பதிலாகக் காற்றே உள்ளே இழுபடுகிறது. ஆகையால் ஒரு சொட்டு ஈரமும் காணாத நாம், இணைப்புகள் யாவும் உத்தமமாக இருப்பதாக எண்ணி ஏமாந்துபோகிறோம். வடிகட்டி மூடியின் ரப்பர் வளையத்தை எடுத்துத் துடைத்து விரலால் தடவிப் பார். மயிரிழை வெடிப்போ ஒட்டிய மணலோ போதும். அதுவும் சரியாயிருந்தால், ஒரு வாளி நல்ல தண்ணீரிலிருந்து குட்டையான ஹோஸ் ஒன்றை நேரே பம்பின் வாயில் மாட்டி ஓட்டு. தாராளமாக இறைத்ததானால் பம்பின்மீது பழியில்லை. தொட்டியிலிருந்து வரும் வழியிலுள்ள கிளிப்புகளை ஒவ்வொன்றாக முடுக்கு. வாளியிலிருந்து இறைக்கும்போதும் திணறினால் மட்டுமே டயாபிரமையும் வால்வுகளையும் சந்தேகிக்கலாம்.

குழாய்களெல்லாம் மூடிக்கிடக்கும் நடுராத்திரியில் பம்பு ஒரு கணம் உறுமி ஓய்வது வேறு வியாதி. பம்பிலிருந்து நீர் வெளியேறும் பக்கத்தில் அதை அடுத்துள்ள வால்வை அடைத்த பின்னும் உறுமல் தொடர்ந்தால் நீர் பம்பின் வழியே பின்வாங்குகிறது. நின்றுவிட்டால் அப்பால் எங்கோ ஒழுகுகிறது. வெந்நீர்த் தொட்டியின் பாதுகாப்பு வால்வை முதலில் பார். அதைப் பலரும் மறந்துவிடுவார்கள்.

மோட்டார் மந்தமாகச் சுழன்றால் வோல்ட்டைப் பேட்டரியில் அளந்து திருப்தியடைந்துவிடாதே. பம்பு ஓடும்போதே அதன் முனைகளில் அளந்து பார். பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும், உப்புக்காற்றில் பச்சை பூத்த ஒரு கம்பி இணைப்பு வழியிலேயே ஒன்றிரண்டு வோல்ட்டை விழுங்கிவிடும்.

கரைக்குப் போகும்போதெல்லாம் பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போ. ஆளில்லாத வேளையில் ஒரு ஹோஸ் கழன்றுவிட்டால், தொட்டி நீர் முழுவதையும் படகின் அடியில் கொட்டிவிட்டு, அதன் பிறகும் பம்பு வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்.

பெரியம்மா உன்னை மிகவும் விசாரித்தாள். ரப்பர் வளையம் எப்படியிருந்ததென்று மறவாமல் எழுது.