மூலவியாதி என்று முடிவுகட்டாதீர்கள்

மலத்தோடு இரத்தம் போனால் நம்மிற் பலர் அதை மூலவியாதி என்று தாமே முடிவுகட்டிவிடுகின்றனர். வெட்கத்தினால் வீட்டாருக்குக்கூடச் சொல்வதில்லை. ஆனால் பெருங்குடற் புற்றுநோயும் இதே அடையாளத்தைக் காட்டலாம். எது என்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே.

இந்நோய் ஒரு நாளில் வருவதன்று. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் ‘பொலிப்’ எனப்படும் சிறு சதைமுளை முதலில் உண்டாகிறது. பல முளைகள் தீங்கற்றவை. சில மாத்திரம் ஏறக்குறைய 10 ஆண்டுகளிற் புற்றாக மாறுகின்றன. அதற்கு முன் அகற்றிவிட்டால் அம்முளையால் ஆபத்தில்லை. ஆயினும் முளை பெரும்பாலும் நோவைக் காட்டாது, தேடித்தான் காணவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் உண்டா என்று பரிசோதிக்கலாம். உண்டெனில், கமெரா பொருத்திய வளையுங் குழாயை மலவாசல் வழியே செலுத்தி வைத்தியர் குடலைப் பார்வையிடுவார். முளை இருந்தால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடுவார்.

50 வயதைக் கடந்தோர், புகைப்போர், மது அருந்துவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். பெற்றோருக்கோ சகோதரருக்கோ இந்நோய் இருந்தால், 40 வயதளவிலேயே வைத்தியருடன் பேசுங்கள். பதனிட்ட இறைச்சி இந்நோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015இல் அறிவித்தது.

மலங்கழிக்கும் வழக்கம் மாறிச் சில வாரங்கள் நீடித்தல், காரணமற்ற மெலிவு, இரத்தச்சோகை, ஓயாத வயிற்றுநோ ஆகியனவும் எச்சரிக்கைகளே. இளவயதினரும் இவற்றை அலட்சியஞ் செய்யலாகாது.

வயதான பெற்றோர் இவற்றைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். பிள்ளைகளே, நீங்கள் கேளுங்கள்.