வீரனுக்கும் வயதாகும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய சூப்பர்ஹீரோ பகடி எபிசோடின் ஸ்டோரிபோர்டைப் பார்த்தேன். உன் சூப்பர்ஹீரோ பறக்கிறான், மின்கம்பியில் மாட்டுகிறான். மறுபடி பறக்கிறான், சாக்கடையில் விழுகிறான். கோடுகளில் நல்ல வேகம் இருக்கிறது. ஆனால் நாலாவது தடவை அவன் விழுந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடுக்கி விழுவது யாருக்கும் நடக்கும். அதற்கு ஒரு சூப்பர்ஹீரோ எதற்கு?

பகடி எழுத உட்காருகிறவன், மூலக்கதை கேட்காமல் விட்ட கேள்வி எது என்று முதலில் தேட வேண்டும். அது அகப்பட்டுவிட்டால் வேடிக்கையை வலிந்து சேர்க்க வேண்டியதில்லை.

உதாரணத்துக்கு, ‘ஸ்பாஞ்ச்பாப்’ கார்ட்டூன் தொடர் ஆரம்பமான 1999ஆம் ஆண்டிலேயே ‘மெர்மெய்ட் மேன் அண்ட் பார்னக்கிள் பாய்’ என்ற எபிசோட் வந்தது. டிசி காமிக்ஸில் 1941 முதல் வரும் அக்வாமேனைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். காமிக்ஸ் வீரர்களுக்குப் பெரும்பாலும் வயது ஏறுவதில்லை. ஏறினால்? அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை பிறக்கிறது. வீரரும் அவருடைய உதவியாளரும் முதியோர் இல்லத்தில் காலத்தை ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நிம்மதி. ஸ்பாஞ்ச்பாபும் அவன் நண்பன் பாட்ரிக்கும் விடுவதாக இல்லை. மறுபடி களத்தில் இறங்கச் சொல்லி உயிரை வாங்குகிறார்கள்.

வொண்டர் வுமனுக்குக் கண்ணுக்குத் தெரியாத விமானம் உண்டல்லவா? இந்தக் கிழவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத படகு. அதை எங்கே நிறுத்தினோம் என்று அவர்களே தேட வேண்டியிருக்கிறது. ஒருவரும் விழவில்லை, அடிபடவில்லை. மூலக்கதையின் விதியை நேர்மையாக ஒரு அடி கூடுதலாக நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

2002இல் வந்த, இந்த இருவரின் ஐந்தாம் கதையில் இன்னும் துணிச்சல். ‘பாய்’ என்றே அழைக்கப்படும் அந்த உதவியாளருக்குத் தலை நரைத்துவிட்டது. உணவகத்தில் பெரியவர்கள் சாப்பிடும் அளவில் ஒரு பர்கர் கேட்கிறார்; குழந்தைகளுக்கான சின்ன பர்கர்தான் கிடைக்கிறது. ஆத்திரத்தில் வில்லன்களோடு போய்ச் சேர்ந்துவிடுகிறார். பேட்மேனின் ராபினைப் போன்ற எத்தனை உதவியாளர்கள் நெடுங்காலம் பையன்களாகவே நின்றார்கள் என்று எண்ணிப் பார். ஒரு பர்கரில் அத்தனை பேருடைய மனக்குறையும் வெளியே வந்துவிடுகிறது.

குரலையும் கவனி. மெர்மெய்ட் மேனுக்கு எர்னஸ்ட் போர்க்னைன், பார்னக்கிள் பாய்க்கு டிம் கான்வே. 1962 முதல் 1966 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ‘மெக்ஹேல்ஸ் நேவி’யில் போர்க்னைன் கப்பல் தலைவர், கான்வே அவருக்குக் கீழே தடுமாறும் அதிகாரி. அந்தப் பழைய உறவு குரலோடு சேர்ந்து வந்தது. 2010இல் இதே இருவரின் இளமைக் காலத்தைக் காட்ட நேர்ந்தபோது, 1966இன் பேட்மேன் தொடரில் பேட்மேனும் ராபினுமாக நடித்த ஆடம் வெஸ்டையும் பர்ட் வார்டையும் பேச வைத்தார்கள். அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள் அப்பாக்களாகி, பிள்ளைகளோடு உட்கார்ந்து சிரித்திருப்பார்கள். குரல் கொடுக்க ஆள் எடுப்பதும் கதை எழுதுவதில் சேர்த்திதான்.

இன்னொன்று. இந்தக் கதைகளில் ஸ்பாஞ்ச்பாப் வெறித்தனமான ரசிகன். எல்லோரும் கைவிட்ட கிழவர்களை அவன் மட்டும் இன்னமும் வீரர்களாகவே பார்க்கிறான். அதனால்தான் கிண்டல் எத்தனை தூரம் போனாலும் அவமானமாக மாறவில்லை. சூப்பர்ஹீரோக்கள் மேல் உனக்கு ஆசையே இல்லையென்றால் உன் எபிசோடை எழுதாதே; வெறும் இளக்காரம்தான் மிஞ்சும்.

இனி உன் கதைக்கு வருகிறேன். கடைசிப் பக்கங்களில், கூரையை உடைத்துக்கொண்டு இறங்குகிறவனுக்கு வீடு தர முடியாது என்று ஒரு வீட்டுக்காரர் சொல்கிறாரே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரைக் காப்பாற்றும்போது உடைவதற்கெல்லாம் காசு கொடுப்பது யார்? உன் எபிசோடின் கேள்வி அதுதான். சாக்கடையையும் மின்கம்பியையும் வெட்டிவிட்டு, வீட்டுக்காரரை முதல் காட்சிக்குக் கொண்டு வா. அவர் கையில் ஒரு பில் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்