மனதில் ஓடும் பாட்டு, காதில் கேட்கும் பாட்டு

முனிர்காவில் கல்யாண சீசன் வந்துவிட்டால் இரவில் பேண்டு வாத்தியம் ஓயாது. மறுநாள் பல் தேய்க்கும்போதும் அந்தப் பாட்டின் இரண்டு வரிகள் மனதில் சுற்றிச் சுற்றி வரும். இது நோயல்ல, அநேகமாக எல்லோருக்கும் வருவது. பாட்டு நம் மனதுக்குள்தான் ஓடுகிறது என்பது நமக்கே தெரியும். வேறு வேலையில் கவனம் போனால் தானே மறைந்துவிடும்.

இன்னொரு வகை உண்டு. "பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்தச் சொல்லேன்" என்கிறார் பாட்டி. அங்கே ரேடியோவே பாடவில்லை. ஆனால் அவருக்குப் பாட்டு வெளியிலிருந்துதான் கேட்கிறது. எழுந்து ஜன்னலைத் திறந்தும் பார்க்கிறார். இதை இசைப் பிரமை எனலாம். 'பைத்தியம் என்பார்களோ, பேய் என்பார்களோ' என்று அஞ்சிப் பல பெரியவர்கள் இதை வெளியில் சொல்வதே இல்லை.

பெரும்பாலும் காரணம் காது மந்தம்தான். ரயில்வேயில் இருந்த எனக்கு இது இப்படித்தான் புரிகிறது. தொலைபேசிக் கம்பியில் வரும் குரல் தேய்ந்தால் ஆம்ப்ளிபயரைக் கூட்டுவோம். உடனே கம்பியின் சொந்த இரைச்சலும் பெரிதாகும். அதுபோல, காதிலிருந்து வரும் ஒலி குறையும்போது மூளை தன்னிடமுள்ள பழைய பாட்டுகளை எழுப்புகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். மின்விசிறி ஓடாத டில்லிக் குளிர்கால இரவின் நிசப்தத்தில் இது அதிகமாகலாம்.

நியூயார்க் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், 1985இல் வெளிவந்த தம் நூலில் முதியோர் இல்லத்து மூதாட்டி ஒருவரைப் பற்றி எழுதினார். அயர்லாந்துப் பாட்டுகள் உரக்கக் கேட்டு இரவில் விழித்த அவர், யாரோ ரேடியோவை அணைக்கவில்லை என்றே நினைத்தார். அவருக்கும் காது சற்று மந்தம். மூளையின் ஒரு பகுதியில் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருந்தது சோதனையில் தெரிந்தது. மனநோய் அல்ல.

ஆகவே, வீட்டில் செய்ய வேண்டியவை:

1. கேலி செய்யாமல், என்ன பாட்டு, எப்போது கேட்கிறது என்று விசாரியுங்கள்.

2. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிச் செவித்திறனைச் சோதியுங்கள். நமக்கு அருகிலுள்ள எய்ம்ஸ், சப்தர்ஜங் இரண்டிலும் இந்தப் பிரிவு உண்டு. சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். சில மருந்துகளாலும் இது வரலாம்.

3. காதுக் கருவி பலருக்குக் குறைத்துக் கொடுக்கிறது. மெல்லிய ஒலியில் ரேடியோ வைப்பதும் உதவலாம்.

4. திடீரென்று தொடங்கி, கூடவே கடும் தலைவலி, வாய் குழறல், கைகால் பலவீனம், வலிப்பு இருந்தால் உடனே மருத்துவமனை செல்லுங்கள். மிரட்டும் குரல்கள் கேட்டால் மனநல மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள்.

மகன், மருமகள் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் தனியே இருக்கும் பெரியவர்கள் நம்மில் பலர். இன்று மாலை அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.